உங்களுக்குத் தெரியுமா? லண்டன் தீயணைப்பு நிலையம்: தோல் வாளி முதல் 64 மீட்டர் ஏணி வரை

லண்டன் மாநகரின் தீயணைப்பு நிலையம் ஒன்றுக்குள் நுழைந்து, அங்கே தொங்குவதையும் சுருட்டி வைத்திருப்பதையும் சுவரில் மாட்டியிருப்பதையும் ‘நீ எப்போது வந்தாய்?’ என்று விசாரித்தால், பெரும்பாலானவை ஒரு தேதியைச் சொல்லும். அந்தத் தேதியிலோ அதற்குச் சற்று முன்போ ஊரில் ஏதோ எரிந்திருக்கும். முன்யோசனையால் வந்த சாமான் குறைவு, பட்டபின் வாங்கியதே அதிகம்.

● 1666 செப்டம்பர் 2, புட்டிங் லேன் ரொட்டிக்கடையில் தீ. நடுராத்திரியில் எழுப்பி அழைத்துவரப்பட்ட நகர மேயர், ஒரு பெண்பிள்ளை சிறுநீர் கழித்தாலே அணைந்துவிடும் என்று அலுத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டாராம். அடுத்த நாலைந்து நாளில் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் போயின. அன்று ஊரிடம் இருந்த கருவிகள் என்னென்ன? தோல் வாளி, கூரையைப் பிடுங்கி எறிய நீண்ட கழியில் இரும்புக் கொக்கி, பித்தளைப் பீச்சாங்குழல். இந்தக் குழலை இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் பின்னாலிருந்து தண்டைத் தள்ள வேண்டும். ஒரு தள்ளலுக்குச் சுமார் 4 லிட்டர் தண்ணீர். நம் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது பக்தர்கள் துருத்தியால் பீச்சுவார்களே, அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உண்மையில் உதவியது கொக்கியும் வெடிமருந்தும். எரியாத வீடுகளை முன்கூட்டியே தரைமட்டமாக்கி, தீ தாண்ட முடியாத இடைவெளி உண்டாக்கினார்கள்.

● சாம்பலிலும் காசு பார்த்தவர் ஒருவர் உண்டு. நிக்கோலஸ் பார்பன், மருத்துவம் படித்துவிட்டுக் கட்டடத் தொழிலுக்கு வந்தவர். 1680களின் தொடக்கத்தில் வீடுகளுக்குத் தீ காப்பீடு விற்க ஆரம்பித்தார். சந்தா கட்டிய வீட்டு வாசலுக்கு மேலே நிறுவனத்தின் ஈயத் தகடு ஏறும். நஷ்ட ஈடு கொடுப்பதைவிடத் தீயை அணைப்பது மலிவு என்று கணக்குப் போட்ட காப்பீட்டு நிறுவனங்கள் தாங்களே தீயணைப்புப் படைகளையும் வைத்துக்கொண்டன. ‘தகடு இல்லாத வீடு எரிந்தால் கைகட்டி வேடிக்கை பார்ப்பார்கள்’ என்றொரு கதை இன்றும் உலவுகிறது. கேட்க ருசியான கதைதான், ஆதாரம்தான் மெலிவு. பக்கத்து வீட்டில் நம் தகடு இருக்கும்போது நடுவீட்டை எரியவிட எந்த முதலாளி சம்மதிப்பார்?

● அந்தப் படைகளில் சேர்ந்தவர்கள் தேம்ஸ் நதிப் படகோட்டிகள். பகட்டான சீருடை, கையில் பெரிய உலோக வில்லை எல்லாம் கிடைத்தன. அவற்றைவிடப் பெரிய சலுகை ஒன்றும் உண்டு: தெருவில் போகிற ஆளைக் கடற்படைக்குப் பிடித்துக்கொண்டுபோகும் கும்பல் இவர்களைத் தொடக் கூடாது.

● அப்போது லண்டனின் தண்ணீர்க் குழாய்கள் மரத்தாலானவை. எல்ம் மரத்தண்டுகளை நடுவில் குடைந்து, ஒன்றோடொன்று செருகித் தெருவுக்கடியில் புதைத்திருந்தார்கள். தீப்பிடித்தால் தெருவைத் தோண்டிக் குழாயில் துளை போடுவார்கள். பள்ளத்தில் நீர் தேங்கும், அதிலிருந்து மொண்டு இறைப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தத் துளையில் ஒரு மர ஆப்பை அடித்துவிட்டால் அடுத்த தடவைக்குத் தோண்டும் வேலை பாதி மிச்சம். இன்றைய ஹைட்ரண்டின், அதாவது தெருவோரத் தீயணைப்பு நீர்க்குழாய் வாயின், பாட்டன் அந்த ஆப்புதான். இப்போது லண்டன் தெருச் சுவர்களிலும் சிறு கம்பங்களிலும் மஞ்சள் தகட்டில் ‘எச்’ எழுத்தும் இரண்டு எண்களும் தெரியும். மேலே உள்ள எண் நிலத்தடிக் குழாயின் விட்டம், மில்லிமீட்டரில். கீழே உள்ளது தகட்டிலிருந்து ஹைட்ரண்ட் இருக்கும் தூரம், மீட்டரில். சுற்றுலா போகிறவர்கள் ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

● கை பம்ப் வண்டிக்கு இருபுறமும் நீளமான கைப்பிடிகள். ஆட்கள் வரிசையாக நின்று மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். சில நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும் என்பதால் கூடியிருக்கும் கூட்டத்திலிருந்தே ஆள் சேர்ப்பார்கள். முதல் மணி நேரத்துக்கு ஒரு ஷில்லிங், அடுத்தடுத்த மணிக்கு அதில் பாதி, கூடவே பீர். பீர் வர நேரமானால் பம்ப் அடிப்பது நிற்கும், ‘பீர், ஓ!’ என்ற கோஷம் கிளம்பும். வீடு எரிந்துகொண்டிருக்கும்போதேதான்!

● 1833 ஜனவரி 1 அன்று காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் படைகளை ஒன்றாக்கின. தலைவராக எடின்பரோவிலிருந்து ஜேம்ஸ் பிரெய்ட்வுட் வந்தார், வயது 32. தெருவில் நின்று ஜன்னல் வழியாகத் தண்ணீர் பீய்ச்சும் பழக்கத்தை மாற்றியவர் இவர். ‘உள்ளே போ, நெருப்பின் அடிமடிக்குப் போ, ஆனால் தனியாகப் போகாதே’ என்பது அவர் பாடம். எடின்பரோவில் கூரை வேய்பவர், தச்சர், கொத்தனார், குழாய் வேலைக்காரர் என்று கட்டடத்தின் சூட்சுமம் தெரிந்தவர்களாகப் பார்த்துச் சேர்த்து, விடிவதற்கு முன் இருட்டிலேயே பயிற்சி கொடுத்தவர். தீ பெரும்பாலும் இருட்டில்தானே கூப்பிடுகிறது.

● இந்தப் படையோடு ஒரு தெருநாயும் ஓடியது. பெயர் சான்ஸ். வண்டி எங்கே போனாலும் பின்னாலேயே போகும். வீரர்கள் அதற்குக் கழுத்துப்பட்டை செய்து, ‘என்னை நிறுத்தாதே’ என்ற பொருளில் வாசகமும் பொறித்துவிட்டார்கள்.

● 1834 அக்டோபர் 16 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எரிந்ததற்குக் காரணம் கணக்குக் குச்சிகள். வரவுசெலவைக் குச்சியில் வெட்டிக் குறித்து வைக்கும் இடைக்காலப் பழக்கத்தின் மிச்சத்தை ஒரேயடியாக அடுப்பில் போட்டு எரித்ததில், சூடேறிய புகைபோக்கி மாளிகையையே கொளுத்திவிட்டது. அணைக்க ஓடிவந்த பிரெய்ட்வுட்டின் ஆட்கள் அரசாங்க ஊழியர்கள் அல்லர், காப்பீட்டு நிறுவனங்களிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். அந்தக் கட்டடத்துக்கோ காப்பீடே கிடையாது. பழமையான வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் தப்பியது. அப்படி எரிந்தும், தலைநகருக்கு அரசுத் தீயணைப்புப் படை வேண்டும் என்று அரசுக்குத் தோன்ற இன்னும் 31 வருடம் ஆயிற்று.

● அந்த ஞானோதயத்தின் விலை பிரெய்ட்வுட்டின் உயிர். 1861 ஜூன் 22, சனிக்கிழமை மாலை, தேம்ஸ் தென்கரையில் டூலி தெருக் கிடங்குகளில் தீ. உள்ளே பருத்தி, சணல், சர்க்கரை, தேயிலை, மசாலா, கொழுப்பு, வெடியுப்பு. உலகெங்கிலுமிருந்து கப்பலில் வந்த சரக்கெல்லாம் ஒரே கூரைக்கடியில். ஒரு கிடங்கிலிருந்து மறு கிடங்குக்குத் தீ தாண்டாமலிருக்க இரும்புக் கதவுகள் போட்டிருந்தார்கள், ஆனால் அவற்றை மூடத்தான் யாருக்கும் தோன்றவில்லை. உருகிய கொழுப்பு எரிந்தபடியே ஆற்றில் மிதந்தது. களைத்துப் போன தன் ஆட்களுக்குப் பிராந்தி கொடுத்து ஊக்கப்படுத்திக்கொண்டிருந்தபோது சுவர் சரிந்து பிரெய்ட்வுட்மீது விழுந்தது. உடலை இடிபாட்டிலிருந்து எடுக்கச் சில நாட்கள் ஆயின. தீ முழுதாக அணைய இரண்டு வாரம். சவ ஊர்வலம் ஒன்றரை மைல் நீளம் என்கிறார்கள். சுமார் 20 லட்சம் பவுண்டு நஷ்டத்தில் கையைச் சுட்டுக்கொண்ட காப்பீட்டு நிறுவனங்கள், ‘இனி எங்களால் ஆகாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அரசிடம் சொல்லிவிட்டன. 1865இல் சட்டம், 1866 ஜனவரி 1 முதல் மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் மாநகரத் தீயணைப்புப் படை.

● புதிய படையின் தலைவர் கேப்டன் மாஸி ஷா மாலுமிகளைத்தான் வேலைக்கு விரும்பினார். கயிற்றில் ஏறத் தெரியும், உயரம் பயமில்லை, ராத்திரி முழித்திருக்கப் பழக்கம், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுவார்கள். வீரர்கள் குடும்பத்தோடு நிலையத்திலேயே குடியிருந்தார்கள். கப்பலின் முறைக்காவல் வழக்கம் இன்றும் லண்டன் நிலையங்களில் நிற்கிறது: சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று நான்கு அணிகள், இரண்டு பகல், இரண்டு இரவு, பிறகு நான்கு நாள் ஓய்வு.

● பாரிஸ் படையைப் பார்த்து ஷா கொண்டுவந்ததுதான் பளபளக்கும் பித்தளைத் தலைக்கவசம், உச்சியில் டிராகன் உருவத்தோடு. எழுபது ஆண்டுகள் போல நீடித்தது. அதை ஓரங்கட்டியது மின்சாரம். கட்டடங்களுக்குள் கம்பிகள் வந்தபின், ஈரத் தலையில் பித்தளையைக் கவிழ்த்துக்கொண்டு இருட்டில் துழாவுவது எப்படி முடியும்? 1930களில் தக்கையாலான கவசம் வந்தது. அழகு போயிற்று, தலை தப்பியது.

● இளவரசர் எட்வர்ட், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர், தீயணைக்கப் போவதைப் பொழுதுபோக்காகவே வைத்திருந்தார். சேரிங் கிராஸ் பகுதி நிலையத்தில் அவருக்கென்று ஒரு சீருடை தயாராகத் தொங்கும்.

● ஏணிகளை முதலில் தெருவில் நிறுத்தியது தர்ம ஸ்தாபனம் ஒன்று. பெரிய சக்கரங்கள் மீது நிற்கும் ஏணி, அதனடியில் ஆளைச் சறுக்கி இறக்கக் கித்தான் குழாய், காவலுக்கு ராத்திரியில் ஓர் ஆள். 1867இல் படை இதை எடுத்துக்கொண்டது. சக்கர ஏணி 1980கள் வரை லண்டனில் ஓடியது என்றால் நம்பச் சிரமம்தான்.

● நிலையத்தின் கீழ்த்தளத்தில் வண்டியும் குதிரைகளும், மாடியில் ஆட்கள். லண்டன் குதிரைகள் சொந்தமல்ல, வாடகைக்கு எடுத்தவை. மாடியிலிருந்து சறுக்கி இறங்கும் கம்பம் மட்டும் அமெரிக்கச் சரக்கு. 1878இல் சிகாகோவில், கறுப்பின வீரர்கள் மட்டுமே பணியாற்றிய 21ஆம் எண் படைப்பிரிவில் பிறந்தது. வைக்கோல் பாரத்தை இறுக்கும் மரக்கம்பு ஒன்றைப் பிடித்து ஒருவர் மேல்தளத்திலிருந்து சரசரவென்று இறங்க, அதைப் பார்த்த கேப்டன் டேவிட் கென்யன் தரையில் துளை போட்டுக் கம்பமே நட்டுவிட்டார். மற்ற படையினர் முதலில் சிரித்தார்கள். 21ஆம் படை எல்லோருக்கும் முன்னால் போய் நிற்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது, ஊரெங்கும் கம்பம் முளைத்தது. லண்டனில் குதிரை வண்டிகள் 1921இல் விடைபெற்றன. கம்பம் நிலைத்துவிட்டது.

● பழைய நிலையங்களில் உயரமான ஒரு கோபுரம் இருக்கும். தீ தெரிகிறதா என்று பார்க்க மட்டுமல்ல, ஹோஸ் காயப்போடவும்தான். அந்தக் காலத்துக் கித்தான் ஹோஸ் சணல்நார் நெசவு. தண்ணீர் ஓடினால் நூல் உப்பித் துளைகள் அடைபடும், ஆனாலும் லேசாகக் கசிந்துகொண்டேயிருக்கும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்து, அடுத்த தீயில் வெடிக்கும். அதனால் முழு நீளத்துக்குச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். செயற்கை இழை வந்தபின் கோபுரம் ஏணிப் பயிற்சிக்கென்று ஆகிவிட்டது.

● அவசர எண் உலகிலேயே முதலில் வந்தது லண்டனில். 1935 நவம்பரில் விம்போல் தெரு வீடொன்றில் தீ. எதிர்வீட்டுக்காரர் தொலைபேசியில் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுக் காத்திருந்தார், காத்திருந்தார், காத்துக்கொண்டேயிருந்தார். ஐந்து பெண்கள் இறந்தார்கள். அவர் கோபத்தோடு பத்திரிகைக்குக் கடிதம் எழுத, விசாரணை வந்தது. 1937 ஜூன் 30இல் 999 வந்தது. ஏன் 9? சுழல் டயலில் விரல் தடுக்கும் கட்டைக்கு அடுத்த துளை 0, அது ஏற்கெனவே ஆபரேட்டருக்குப் போய்விட்டது. அதற்கடுத்தது 9. இருட்டிலும் புகையிலும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடலாம். 111 வைத்திருந்தால் ஆபத்து. காற்றில் இரண்டு கம்பிகள் உரசினாலே எக்ஸ்சேஞ்சுக்கு அது ‘1’ போலக் கேட்கும். 999 வந்தால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரிந்து பெரிய ஹாரன் அலறும். சத்தம் தாங்காமல் அதன் வாயில் பணிப்பெண்கள் டென்னிஸ் பந்தைத் திணித்துவிட்டார்களாம். இதற்கு முந்தைய ஏற்பாடு தெருமுனை அலாரம் பெட்டி, 1880 முதல். கண்ணாடியை உடைத்துக் கைப்பிடியை இழுத்தால் நிலையத்தில் மணி அடிக்கும். இழுத்துவிட்டு ஓடும் விஷமிகள் அன்றும் இருந்தார்கள்.

● ஷாவின் பெயரைத் தாங்கி 1935இல் கட்டப்பட்ட தீயணைப்புப் படகு ‘மாஸி ஷா’. நிமிடத்துக்கு 3,000 காலன், அதாவது சுமார் 13,600 லிட்டர், ஆற்று நீரை இறைக்கும். 1940இல் பிரான்சின் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய படையினரை மீட்கத் தேம்ஸிலிருந்து இதுவும் கிளம்பியது. ஆற்றைவிட்டு வெளியே போயறியாத படகு, சரியான திசைகாட்டிகூட இல்லை, புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்தினார்கள். படகின் இரும்பு உடம்பால் அதுவும் தப்புத் தப்பாகக் காட்டியது. போகிற வழியிலேயே சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்துக்கொண்டார்கள். கரைக்கருகே ஆழமற்ற நீரில் மிதக்க முடிந்ததால் அறுநூறு பேர்வரை ஏற்றிப் பெரிய கப்பல்களுக்கும் இங்கிலாந்துக்கும் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 29 இரவு, குண்டுவீச்சில் நகர மையம் பற்றி எரிந்தபோது நிலத்தடிக் குழாய்கள் உடைந்துபோயின. தேம்ஸில் அன்றைக்கென்று பார்த்து நீர் வற்றிக் கிடந்தது. செயின்ட் பால் தேவாலயத்தைச் சுற்றிய சண்டையில் இந்தப் படகின் பம்பும் உண்டு.

● போர்க்காலத்தில் வண்டி போதவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட லண்டன் டாக்சிகளை வாடகைக்கு எடுத்து, பின்னால் பம்ப்பைக் கட்டி இழுத்தார்கள், மேலே ஏணி. துணைத் தீயணைப்புப் படையில் சேர்ந்தவர்களை ‘பட்டாளத்துக்குப் பயந்து இங்கே ஒளிந்தவர்கள்’ என்று ஊர் ஏசியது. 1940 செப்டம்பர் 7 முதல் தொடர்ந்து 57 இரவுகள் குண்டு விழுந்தபின் அதே ஊர் வாயை மூடிக்கொண்டது. பெண்கள் தொலைபேசியில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. குண்டு விழும்போதே மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோனார்கள், பெட்ரோல் வண்டி ஓட்டினார்கள். ஆனால் ஹோஸைப் பிடித்துத் தீக்கு எதிரே நிற்கும் வேலையை லண்டன் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது 1982இல்தான். படையின் தலைமைக்கு ஒரு பெண், டேனி காட்டன், வந்தது 2017இல்.

● பக்கத்து ஊர்ப் படை உதவிக்கு ஓடிவரும், அதன் ஹோஸ் நம் குழாயில் பொருந்தாது! போருக்கு முன் பிரிட்டனில் நிலைமை அதுதான். படைக்கொரு அளவு, படைக்கொரு திருகு. 1941இல் எல்லாப் படைகளையும் தேசியப் படையாக இணைத்தபோது ஹோஸை இணைக்கும் கப்ளிங்கும் ஒரே மாதிரி ஆயிற்று. ஆண் முனையைப் பெண் முனைக்குள் தள்ளினால் ஸ்பிரிங் வைத்த பற்கள் ‘டக்’கென்று கவ்விக்கொள்ளும், திருக வேண்டாம். கழற்றப் பக்கவாட்டுக் காதுகளை இழுத்தால் போதும். நம் தமிழ்நாட்டுத் தீயணைப்பு வண்டிகளில் இருக்கும் 63 மில்லிமீட்டர் கப்ளிங்கும் இதே ஜாதிதான்.

● நிலையத்திலேயே மலிவான, ஆனால் உயிர்காக்கும் சாமான் எது என்று கேட்டால் நான் ஒரு பிளாஸ்டிக் வில்லையைச் சொல்வேன். 1958 ஜனவரி 23, ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையின் நிலவறையில் தீ. உள்ளே வளைந்து வளைந்து போகும் பாதைகள், கண்ணை மறைக்கும் புகை. பிராண வாயுக் கருவியோடு உள்ளே போனவர்களில் இருவர் திரும்பவில்லை. யார் எப்போது உள்ளே போனார், அவர் முதுகில் எவ்வளவு வாயு மிச்சம் என்பதைக் கணக்கு வைக்க ஒழுங்கான ஏற்பாடே அன்று இல்லை. அதற்குப் பின் வந்ததுதான் வில்லை முறை. ஒவ்வொரு சுவாசக் கருவிக்கும் ஒரு வில்லை, அதில் பெயர், சிலிண்டரின் அழுத்தம், உள்ளே போன நேரம். வீரர் வாசலில் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே பலகையோடு நிற்கும் ஆள் அதைச் செருகி, காற்று எத்தனை மணிக்குக் குறையும் என்று கணக்குப் போடுவார். அந்த நேரத்துக்கு ஆள் வரவில்லையென்றால் மீட்புக் குழு கிளம்பும். வில்லையை உருவியதும் வீரரின் கருவியில் இன்னொன்றும் விழித்துக்கொள்ளும். அவர் சில நொடிகள் அசையாமல் கிடந்தால் அது தானாகவே கத்த ஆரம்பிக்கும்.

● 1987 நவம்பர் 18, கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையம். யாரோ போட்ட தீக்குச்சி மர எஸ்கலேட்டருக்கடியில் விழுந்து, கிரீஸும் குப்பையும் பற்றிக்கொண்டன. சரிவான மரத்தொட்டியில் தீ மேலே எழாமல் படுத்தபடியே ஓடி, உச்சியிலிருந்த டிக்கெட் கூடத்துக்குள் ஒரே வீச்சில் பாய்ந்தது. இப்படியும் தீ நடந்துகொள்ளும் என்று நிபுணர்களுக்கே அன்றுவரை தெரியாது. கணினியிலும் மாதிரி அமைப்பிலும் செய்து பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். 31 பேர் மாண்டனர், சோஹோ நிலைய அதிகாரி காலின் டவுன்ஸ்லி உட்பட. அன்றைய வீரர்களின் உடை கம்பளிச் சட்டையும் மஞ்சள் பிளாஸ்டிக் கால்சட்டையும்! தீயை எதிர்க்கப் பிளாஸ்டிக்கைக் கொடுத்தவர்களை என்ன சொல்ல? அதன்பிறகே தற்காப்பு உடை மாறியது. கடைசி மர எஸ்கலேட்டர், கிரீன்ஃபோர்டில், 2014 வரை ஓடியது.

● அதே 2014 ஜனவரியில் செலவைக் குறைக்க லண்டன் பத்து நிலையங்களை மூடியது. அவற்றில் ஒன்று 1872இல் கட்டிய கிளார்க்கன்வெல். ஸ்மித்ஃபீல்டில் இறந்த இருவரும் அந்த நிலையத்துக்காரர்கள்.

● 2017 ஜூன் 14, கிரென்ஃபெல் அடுக்ககம், 24 மாடி, உயரம் 67 மீட்டர், பலி 72. லண்டன் படையிடம் அப்போதிருந்த மிக உயரமான ஏணி 32 மீட்டர். பக்கத்து சர்ரே மாவட்டத்திலிருந்து 42 மீட்டர் ஏணியை வரவழைத்தார்கள், அது வந்து சேர்வதற்குள் தீ மேலே ஏறிவிட்டது. 2021இல் லண்டன் 64 மீட்டர் ஏணி வண்டிகளை வாங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் கிரென்ஃபெல் உச்சிக்கு எட்டாது. மாடிகள் வளரும் வேகத்துக்கு ஏணி வளர முடியாது. அதனால் இப்போது வண்டியில் வேறொரு சாமானும் போகிறது. புகைக்குள் சிக்கியவரின் தலையில் கவிழ்த்துவிடும் முகமூடிப் பை அது. விஷப் புகையை வடிகட்டிச் சுமார் 15 நிமிடம் மூச்சுவிடத் தரும், அதற்குள் படிக்கட்டு வழியாக இறக்கிவிட வேண்டும்.